உப்பு எப்படி இருக்கு?

அக்கா,

பூஜை அலமாரியின் பலகையில் ஒரு சதுரமான ஈரத்தடம் விழுந்திருக்கிறது. மூன்று முறை துடைத்துவிட்டேன். மரம் தண்ணீரைக் குடித்துவிட்டது. ஓரங்கள் கறுத்து, அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல் நிற்கின்றன. நீ இருந்திருந்தால் இந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பாய், "யாருடா இங்க எதை வெச்சது?" என்று கேட்டிருப்பாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அது ஒரு சாம்பார் சாதத்தின் தடம்.

சாம்பார் சாதம் என்றால் நீ நினைக்கிற சாம்பார் சாதம் இல்லை. எங்கோ ஒரு பெரிய சமையலறையில் சமைத்து, பெட்டிகளில் அடைத்து, கல்லைப்போல் உறைய வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வேண்டும்போது எடுத்துச் சூடு செய்து சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு வாரத்துக்கு ஏழு பெட்டி, சோதனை முயற்சியாக. ஏற்பாடு செய்தது உன் மகள்.

வித்யாவைக் குற்றம் சொல்ல முடியாது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சென்ற மாதம் ஹெப்பகோடியிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தவள், நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். அடுப்பு மேடையில் நான்கு ரொட்டிப் பொட்டலங்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. குளிர்பெட்டியில் பால், தயிர், அரை எலுமிச்சம்பழம். வேறு ஒன்றும் இல்லை.

"மாமா, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"நல்லாத்தான் சாப்பிட்டேன்மா."

"நல்லா சாப்பிட்டீங்களான்னு கேக்கலை. என்னன்னு கேட்டேன்."

நான் ரொட்டிப் பொட்டலங்களைப் பார்த்தேன். அவள் என் சட்டைக் காலரில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். மூன்றாவது விரலும் போயிற்று.

அவள் முடிவாகச் சொன்னாள். ஒரு வாரம் இந்த உறைந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் நான் ஆஸ்டின் டவுனிலேயே, இந்த வீட்டிலேயே இருக்கலாம். ஒத்துவராவிட்டால் அவள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட வேண்டும். "ஆனா நிஜம் சொல்லணும் மாமா. உங்க 'நல்லா இருக்கு' எல்லாம் எங்கிட்ட செல்லாது. அம்மா ஏமாந்த மாதிரி நான் ஏமாற மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவள் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு மைக்ரோவேவ் அடுப்பின் கம்பியைச் சொருகும் இடம் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் சந்தின் முனையில் நின்றுகொண்டு, "சார், மனே எல்லி?" என்று கன்னடத்தில் வீடு எங்கே எனக் கேட்டுப் போனில் கத்தினார். நான் வாசலில் நின்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தவிர எல்லாத் திசையிலும் பார்த்தார். பெரிய தெர்மோகோல் பெட்டி. திறந்தால் புகைபோல் குளிர். ஏழு தட்டுகளும் செங்கல்லைப்போல் கனத்தன. தட்டினால் சத்தம் வந்தது.

முன்னேற்பாடாக ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். நாள், பதார்த்தம், சூடு செய்த நிமிடம், உப்பு, காரம், இதர குறிப்புகள். பெட்டி வருவதற்கு முந்தைய நாளே போட்டாயிற்று. என் வழக்கம் உனக்குத் தெரியும். முதல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். உப்பு என்ற தலைப்பின் கீழ், ஏழு வரிசையிலும், 'சரி' என்று எழுதியிருந்தேன். இன்னும் எதையும் நாக்கில் வைக்கவே இல்லை.

நம் வீட்டில் சமைக்கிறவர் ருசி பார்ப்பதில்லை. சாமிக்கு வைத்த பிறகுதான் யார் நாக்கிலும் படலாம் என்பது அம்மா காலத்து ஏற்பாடு. நீ அதைக் கடைசிவரை விடவில்லை. கண்ணளவிலும் வாசனையிலும் உப்புப் போடுவாய். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து விளக்கின் முன் வைத்து, கும்பிட்டு, திரும்ப எடுத்துக் கலந்த பிறகு, அலுவலகம் போகிற அவசரத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவன் நான். நீ கரண்டியுடன் சமையலறை நிலைப்படியில் நிற்பாய்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

உன் கணவர் இறந்து, கைக்குழந்தை வித்யாவோடு நீ இந்த வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும். நீயும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போகவேண்டியவள். விடிவதற்குமுன் எழுந்து சமைத்துவிட்டு, வியர்வையைத் தலைப்பால் துடைத்தபடி நிற்பாய். அந்த முகத்தைப் பார்த்துக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. அரசு அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்துகிறவனாக இருந்தேன். அடுத்தவர் பிழையைத் தேடிச் சிவப்பு மையால் சுழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாய்: "கவர்மெண்ட்டோட தப்பையெல்லாம் புடிக்கறான். எம் பொரியல்ல ஒண்ணே ஒண்ணு புடிக்கத் தெரியலை." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது புகழ்ச்சி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்தத் தடத்துக்கு வருகிறேன். சாம்பார் சாதத் தட்டை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு சந்தேகம். சாமிக்கு எப்போது வைப்பது? சமையல் எங்கோ எப்போதோ முடிந்துவிட்டது. சூடு செய்வது சமையலில் சேருமா? சேராது என்று தீர்மானித்தேன். எனவே சூடு செய்வதற்கு முன்பே, உறைந்த கல்லை அப்படியே பலகையில் வைத்து விளக்கேற்றினேன். வெளிச் சாப்பாட்டை நீ ஒருநாளும் அங்கே வைத்ததில்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் வைக்காமல் சாப்பிட எனக்குத் துணிவில்லை. கண்ணை மூடினேன். உன் முகம் வந்தது, நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தட்டைச் சுற்றித் தண்ணீர்.

பிறகு ஐந்து நிமிடம் சூடு செய்து, மேல் தாளை உரித்தேன். கறிவேப்பிலையும் பெருங்காயமும் கலந்து ஆவி வந்தது. ஓரம் கொதித்தது, நடு சில்லென்றிருந்தது. முதல் வாய் எடுத்துவிட்டு, அக்கா, நான் நிலைப்படியைப் பார்த்தேன். பழக்கம்தான். யாரும் கேட்கவில்லை. வாயில் இருந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் ஏற்கெனவே 'சரி' என்று இருந்தது.

நிலைப்படியில் யாரும் கேட்காமல் போனது இப்போது ஆரம்பித்ததல்ல என்பதையும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடைசி வருஷம் அந்த மாத்திரைகள் உன் நாக்கைக் கெடுத்துவிட்டன. எது தின்றாலும் துரு மாதிரி இருக்கிறது என்றாய். ஆனாலும் சமையலை விடவில்லை. அந்த நாட்களில் முன்பைவிட அதிகமாகக் கேட்டாய். குழம்புக்குக் கேட்பாய், கூட்டுக்குக் கேட்பாய், மோருக்குக்கூடக் கேட்பாய். நான் ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னேன். ஒருநாள் ரசம். "உப்பு எப்படி இருக்கு?" "சரியா இருக்கு." நீயும் அதையே ஊற்றிச் சாப்பிட்டாய். பிற்பகல் வித்யா வந்தாள். ஒரு டம்ளர் ரசம் வாங்கிக் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, உப்பே போடலையே இதுல!"

நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"எனக்கு நாக்கு போச்சுடா. உன் நாக்கை நம்பித்தான் சமைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாய். அப்புறம், மெதுவாக, "இனிமே நான் யாரைக் கேக்கறது?"

மறுநாளிலிருந்து அளவு ஸ்பூன் வைத்து உப்புப் போட ஆரம்பித்தாய். என்னைக் கேட்கவில்லை. பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாய். நான்கு மாதம். ஒவ்வொரு நாளும் முதல் வாய் எடுத்துவிட்டு, இன்று கேட்பாய், இன்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று காத்திருந்தேன். நீ கேட்காமல் நானாகச் சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது, தைரியம் வரவில்லை, அதுதான் சரி. பிறகு ஆஸ்பத்திரி. அங்கே சாப்பாடு அவர்களுடையது.

செவ்வாய்க்கிழமை அந்தச் சாப்பாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கன்னடத்தில் ஆரம்பித்து, என் குரலைக் கேட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"சார், ஃபீட்பேக் கால் சார். ரெண்டே நிமிஷம். ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் குடுங்க. சாம்பார் சாதம், உப்பு?"

"அஞ்சு."

"காரம்?"

"அதுவும் அஞ்சு போட்டுக்கோம்மா."

இப்படியே போனது. "சண்டே அவியல் சார்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது அவியல் இல்லை, சப்பாத்தியும் குருமாவும். நோட்டிலும் அப்படியே எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் பெண் எதையோ பார்த்துப் படிக்கிறாள். அவளைத் திருத்தி ஏன் சங்கடப்படுத்தவேண்டும் என்று நினைத்தேன்.

"நல்லா இருந்தது. அஞ்சு."

"சார்... அவியல் ஸ்டாக் இல்லைன்னு உங்களுக்கு குருமா அனுப்பியிருக்கோம்னு இங்க போட்டிருக்கு. சாரி சார், நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்." பிறகு சிரிப்பை அடக்குவது கேட்டது. "அனுப்பாத அவியலுக்கும் அஞ்சு குடுத்துட்டீங்களே சார்! நீங்க எல்லாத்துக்கும் அஞ்சு குடுத்தா, நாங்க எதைச் சார் சரி பண்றது?"

நல்ல பெண். கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் போடாத உப்பும் அனுப்பாத அவியலும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

பழைய சிவப்புப் பேனா மேசை இழுப்பறையில் இருந்தது. மை காய்ந்திருந்தது, வெந்நீரில் முனையை நனைத்து எழுத வைத்தேன். ஏழு 'சரி'களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். சாப்பிட்டதை யோசித்து யோசித்து எழுதினேன். சாம்பார் சாதம்: உப்பு ஒரு கல் குறைவு. பீன்ஸ் பொரியலும் சாதமும்: பீன்ஸ் குழைந்துவிட்டது, தேங்காயில் பழைய வாசனை. குருமா: நன்று. புதன்கிழமைக்கு மிச்சமிருந்தது வத்தக்குழம்பு சாதம் ஒன்றுதான். அன்று அதை எடுத்துச் சூடு செய்து, பாதியைச் சாப்பிட்டு, நெடுநேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு எழுதினேன். மீதிப் பாதியைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

வித்யா மறுநாள், வியாழக்கிழமை, வேலை முடிந்து பொம்மசந்திராவிலிருந்து நேராக வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "ரிப்போர்ட் எங்க மாமா?"

நோட்டை நீட்டினேன். கடைசி வரிசையை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அவள் முதல் ஆறையும் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் எழுதியதுதானா என்று சந்தேகம். பிறகு என் கையை விலக்கினாள்.

'வத்தக்குழம்பு: அக்கா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது. அக்காவுடையதில் புளி எப்போதும் அதிகம்.'

நான், "அடிச்சிடறேன்மா, கொடு," என்றேன். அவள் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டும்.

"எனக்குத் தெரியாதா மாமா? சின்ன வயசுலேருந்து பல்லு கூசும் எனக்கு. நானும் சொன்னதில்லையே!" மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மா இதைக் கேட்டிருந்தா கரண்டியாலயே போட்டிருப்பா நம்ம ரெண்டு பேரையும்."

அந்தப் பாதிக் குழம்பைச் சூடு செய்து இருவரும் அதே தட்டில் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள். "இப்ப சொல்லுங்க. இங்க இருக்க முடியுமா?"

வாய்வரை வந்த பதிலை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னேன். "சாப்பாடு பரவாயில்லை. சில நாள் நல்லா இல்லை. தனியா சாப்பிடறதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா இங்கதான்மா இருக்கணும் எனக்கு."

"அவ்வளவுதான் மாமா நான் கேட்டது," என்றாள். வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்து வந்து என்னோடு சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மற்ற ஆறு நாளும் முன்போலவேதான்.

புதிய பெட்டிகள் வந்துவிட்டன. இப்போது சூடு செய்த பிறகே விளக்கின் முன் வைக்கிறேன். கீழே ஒரு தாம்பாளமும் உண்டு, பலகைக்குப் பயப்படாதே. முதல் வாய் எடுத்ததும் நிலைப்படியைப் பார்த்து, யாரும் கேட்காமலே, வாய்விட்டுச் சொல்கிறேன். குறைவு என்றால் குறைவு. அதிகம் என்றால் அதிகம். குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று மெதுவாகத்தான் வருகிறது.

இன்று ரசம் சாதம். உப்பு உண்மையாகவே சரியாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவன் வேறொன்றைச் சொன்னேன். நீ நிலைப்படியில் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை, அக்கா. ஒரு கல்கூட இல்லை.