ஒன்பது பார் போதும்

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். படி ஏறும்போது முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி ஆரம்பித்ததற்குச் சிரிக்காதே. இதுவரை உனக்கு வந்த கடிதங்களில் ‘அன்பும் பண்பும் நிறைந்த என் மனையாளுக்கு’ என்று இருந்ததே, அது நான் சொன்னதில்லை. எதிர்க்கடைப் பூட்டுக்காரர் தானாகச் சேர்த்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை நான் ‘இந்தாம்மா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கடிதத்துக்காகப் புதிதாக வேறு யாரையோ கூப்பிட எனக்கு வரவில்லை.

ஆமாம், இது என் கையெழுத்து. சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை உற்றுப் பார். பூட்டுக்காரர் இதில் இல்லவே இல்லை. சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். போய்ச் சேர்ந்தேன். உன்னிடம் போனில் சொல்லவில்லை. பாதியில் நின்றுவிட்டால் வெட்கக்கேடு என்று பயம். இப்போது பயம் போய்விட்டது. ‘ழ’ எழுதும்போது மட்டும் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. டீச்சர், “ஐயா, கையால எழுதுங்க, நாக்கால இல்ல” என்கிறார்.

என் இஸ்திரிப் பெட்டியில் ஒரு தகடு இருக்குமே, நினைவிருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போன வாரம் வாசித்தேன். ‘சூடு, தொடாதே.’ இத்தனை வருடமாக அது பாவம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் தொட்டுத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

பூட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனிதர். ஆனால் அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு “ம், அப்புறம்?” என்று கேட்டால் என் வாயில் வருவதெல்லாம் மழை, குழாய்த் தண்ணீர், பேத்தியின் இருமல். கடைசியில், “வேற ஏதாவது சொல்லணுமா?” என்பார். “அவ்வளவுதான்” என்பேன். அந்த ‘அவ்வளவுதான்’ எல்லாம் இங்கே வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் கொஞ்சத்தையாவது இந்தக் கடிதத்தில் அனுப்பலாம் என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலை முழுக்கப் போய்விடுகிறது. விரல் வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நீ கடல் கடந்து போய்ப் பார்த்துக்கொண்ட அந்த வீட்டுப் பாட்டியம்மா இறந்த பிறகு, அவருடைய மகள் உன்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார் என்றும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் போனில் சொன்னாய். நான் “உன் இஷ்டம்” என்றேன். அதற்கு நீ, “அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்?” என்று கேட்டாய். நீ எதற்காகப் போனாயோ அதெல்லாம் முடிந்துவிட்டது. கூரை ஒழுகுவதில்லை. மகள் குடும்பமும் நிமிர்ந்துவிட்டது. இனிமேல் நீ இருப்பதும் வருவதும் உன் மனதுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நீ இன்னொன்றும் சொன்னாய். “காலையில யாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அந்த மெஷின்ல ஒரு சின்ன கப் காபி போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிப்பேன். எஸ்பிரஸோன்னு பேரு, ரெண்டு வாய்தான் இருக்கும். அந்த நேரத்துல என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.” சாதாரணமாகத்தான் சொன்னாய். போனை வைத்த பிறகு அது எனக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நம் வீட்டில் நீ எந்த ஜன்னல் பக்கம் நின்றாய் என்று யோசித்தேன். நீ நின்ற மாதிரியே எனக்கு நினைவில்லை. நடந்துகொண்டே இருந்தாய்.

மறுநாள் பெரிய கடைத்தெருவில் இருக்கும் மின்சாமான் கடைக்குப் போனேன். தனியாகத்தான். பஸ் பலகையை நானே வாசித்து ஏறினேன். பக்கத்தில் நின்றவர் கேட்காமலேயே அவருக்கும் வாசித்துச் சொன்னேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் காபி மெஷின்கள். பளபளவென்று வரிசையாக மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. ஒன்றின் முன்னால் ஓர் அட்டை இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘15 பார்.’ சரி, பார்க்கச் சொல்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், தூக்கி அடியிலும் பார்த்தேன். பதினைந்து எங்கேயும் இல்லை. கடைப் பெண் ஓடி வந்தாள். சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். அதையும் வாசித்தேன். ஆனால் மூக்கில் நிற்காமல் வழுக்கும் கண்ணாடி போட்டிருந்ததால் என் மனதில் அவள் கண்ணாடிக்காரிதான். “என்ன ஐயா தேடுறீங்க?” என்றாள். “பதினஞ்சைப் பார்க்கச் சொல்லி எழுதி வச்சிருக்கீங்க, எங்கம்மா இருக்கு?” என்றேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். பார் என்பது அழுத்தத்துக்கு ஒரு கணக்காம். சூடான தண்ணீரைக் காபித் தூளுக்குள் மெஷின் எவ்வளவு விசையாகத் தள்ளுகிறது என்று சொல்வதாம். இருபது பார் போட்ட மெஷின்கூட இருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த அட்டையை முதலில் வாசித்தபோது நீ கூப்பிட்ட மாதிரி இருந்தது. நீ என்னை வாழ்நாள் முழுக்க ‘இங்க பாருங்க’ என்றுதானே கூப்பிட்டிருக்கிறாய். நீ போன பிறகு இந்த வீட்டில் என்னை எதையும் பார்க்கச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ அவ்வளவு மெனக்கெட்டுத் தேடிவிட்டேன்.

எப்படிப்பட்ட மெஷின் வேண்டும் என்று அவள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் காதால் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பேசிக்கொண்டே நீ ஒரு கப் போட்டாய் அல்லவா? முதலில் டொக் டொக் என்று எதையோ தட்டினாய். பிறகு கரகரவென்று அரைத்தது. பிறகு கொஞ்சம் சத்தமே இல்லை. பிறகு பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை. குடித்துக்கொண்டிருந்தாய் போலும். இதைக் கண்ணாடிக்காரியிடம் அப்படியே செய்து காட்டினேன், உறுமல் உட்பட. கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள், “ஒண்ணு பண்ணலாம் ஐயா, நான் ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுறேன், நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க” என்றாள். புத்திசாலிப் பெண்.

நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். முதல் மெஷின் ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாவற்றையும் தானே செய்வது. அரைத்தது, உறுமியது, ஊற்றியது. தட்டல் இல்லை. தலையை ஆட்டினேன். இரண்டாவது, தூள் அடைத்த சின்னக் குப்பியை வாயில் வாங்கிக்கொள்வது. கடக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பெட்டியை மூடின மாதிரி. மூன்றாவதற்கு மரப்பிடி போட்ட ஒரு கரண்டி இருக்கிறது. தூளை அதில் நிரப்பி, கையால் அமுக்கி, மெஷினில் மாட்டித் திருப்ப வேண்டும். காபி இறங்கிய பிறகு கரண்டியைக் கழற்றி, சக்கையை ஒரு டப்பாவின் விளிம்பில் தட்டினாள். டொக் டொக்.

கண்ணைத் திறக்காமலேயே “இதுதான்” என்றேன்.

“புதுசா ஆரம்பிக்கிறவங்களை இது கொஞ்சம் படுத்தும் ஐயா. பட்டன் மெஷின்னா தலைவலி இல்ல” என்றாள். “நான் ‘அ’ ஆரம்பிச்சே ரொம்ப நாளாகலைம்மா. இதையும் சேர்த்து ஆரம்பிச்சுடுறேன்” என்றேன்.

இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் பார்க்கட்டும் என்றுதான்.

அன்றைக்கே வாங்கிவிடவில்லை. மூலைக் காபிக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன். அவர் நாள் முழுக்க அப்படியொரு மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர். “மெஷினுக்குப் பத்து கடை ஏறி இறங்குவாங்க, கொட்டை அரைக்கிறதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றார். நல்லதாக ஓர் அரைக்கும் மெஷினும் வாங்கச் சொன்னார். தூள் பருபருவென்று இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுமாம். ரொம்ப மாவாக இருந்தால் உள்ளேயே போகாதாம். பதினைந்து பார் நல்லதா, இருபது நல்லதா என்று கேட்டேன். “நம்பரைப் பார்த்து மயங்காதீங்க பெரியவரே. காபிக்கு ஒன்பது பார் போதும். அதுக்கு மேல அழுத்தினா கசப்புதான் இறங்கும்” என்றார்.

மகளிடம் சொன்னேன். “அப்பா, அம்மா வர்றாங்களான்னே தெரியல, அதுக்குள்ள மெஷினா?” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். மறுநாள் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். சமையலறை அலமாரியின் கீழ் வைத்தால் மேல்மூடி திறக்காது, தண்ணீர் ஊற்ற முடியாது. அங்கே ஜன்னலும் இல்லை. பின்னறையில், என் இஸ்திரி மேசை கிடந்த இடம் உனக்குத் தெரியும். காலை வெளிச்சம் முதலில் விழுவது அந்த ஜன்னலில்தான். மேசையை நடைவழிக்கு நகர்த்திவிட்டேன். அங்கே சட்டை தேய்க்கக் கொஞ்சம் இருட்டுதான். போகவரத் தொடையில் இடித்துக்கொள்கிறேன். பழகிவிடும். ஜன்னலோரம் பலகை அடித்து, மெஷினை வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருக்கிறேன். நான் நின்று பார்த்தேன். எதிர் வீட்டு மாடியும் ஒரு துண்டு வானமும் தெரிகின்றன. நீ என்னைவிட உயரம் குறைவு. உனக்கு வானம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

மெஷினோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டி முழுக்க வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் வாசித்து முடித்த முதல் புத்தகம் அது. கதை சுமார்தான். நான் போட்ட முதல் காபி குழாயில் வருவது போலக் கொடகொடவென்று வந்து விழுந்தது. அடுத்த தடவை தூளை நைசாக அரைத்தேன். மெஷின் முக்கியது, முனகியது, ஒரு சொட்டு விடவில்லை. அதற்கடுத்ததைப் பூட்டுக்காரருக்குக் கொடுத்தேன். சாவியை முழுங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை அம்மாவுக்குக் கொடுத்துடாதீங்க” என்றார். இப்போது பரவாயில்லை. தேன் இழுபடுவது போல மெல்ல இறங்குகிறது. மேலே பழுப்பு நுரை கட்டுகிறது. நான் அதைக் குடிப்பதில்லை, கசப்பு எனக்கு ஆகாது. மூலைக்கடைக்காரர் வந்து ருசி பார்த்துவிட்டு, “ஆங்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்கிறார்கள்.

இந்தாம்மா, இதையெல்லாம் எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தபோது, உன்னை வா வா என்று இழுக்கிற மாதிரி தெரிகிறது. கிழிக்க மனம் வரவில்லை, எழுத அவ்வளவு நேரம் ஆயிற்று. நான் துணி தேய்க்கிறவன். எங்கே அழுத்த வேண்டும், எப்போது பெட்டியைத் தூக்கிவிட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். தூக்காமல் வைத்திருந்தால் தடம் விழுந்துவிடும், அப்புறம் எத்தனை தண்ணீர் தெளித்தாலும் போகாது. அதனால் இதோடு தூக்கிவிடுகிறேன். நீ இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்க விரும்பினால் இரு. மெஷினைச் சும்மா போட்டால் உள்ளே உப்பு கட்டிவிடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தினமும் வெறும் தண்ணீரை ஓடவிட்டுத் துடைத்து வைத்திருப்பேன். எனக்கு அது பாரமில்லை.

நீ கேட்டாயே, இங்கே வந்து என்ன செய்வாய் என்று. எனக்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். காலையில் எழுந்து உன் கப்பைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நில். நான் விழித்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருப்பேன். எனக்கு டொக் டொக் மட்டும் கேட்டால் போதும். நீ குடித்து முடித்து, வானத்தைப் பார்த்து முடித்து, உனக்கே தோன்றும்போது என்னைக் கூப்பிடு. அதுவரை இந்த வீட்டில் உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மாதக் கடைசிக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே நின்றாலும் உன் காலை நேரம் உனக்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ கூப்பிடுகிற
இங்கபாருங்க