வீடு கேட்கும் வேலை

இந்த நாட்டில் நிறம் பார்த்து ஒதுக்குவார்களா என்று கேட்டிருந்தாய். ஒதுக்காமல் என்ன அம்மா, ஒதுக்குகிறார்கள்தான். இந்தச் சமநீதி அலுவலகத்தில் ஒதுக்கப்பட்டுக் காட்டத்தானே எனக்குச் சம்பளம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நிறத்தைப் பார்த்து வீடு மறுத்தார்கள். அதை நிரூபிக்க நேற்று நானும் அதே வீட்டை வாடகைக்குக் கேட்பவள்போல் போனேன்.

"இப்பத்தாம்மா வேற ஆளுக்குக் குடுத்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

பின்னாலேயே என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரத் தோழி போனாள். அவளிடம் சாவியையே நீட்டிவிட்டார். இனி வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும். அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைக்கும்.

"நடிப்புதானே, ஏன் மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்கே?" என்றாள் தோழி.

நான் நடித்தேன். அவர் நடிக்கவில்லையே.

உன் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம். இதேபோல் கேட்க வேண்டிய அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

பி.கு. உறையை ஒட்டும் முன் போய் வந்துவிட்டேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு மணியை அடித்தேன். அங்கேயும் அதே பதில்தான்.