உங்கள் தமக்கை வென்ற செய்தி

அக்கா,

இன்று மாலை லிப்டுக்குள் ஏறியதும் வினாகிரியும் உள்ளிப்பூண்டும் சேர்ந்து வேகும் மணம். மூன்றாம் மாடிக்கு உங்கள் பிலிப்பைன்ஸ் ஆட்கள் யாரோ புதிதாகக் குடிவந்திருக்க வேண்டும். என் மாடி வந்த பிறகும் இறங்காமல் நின்றேன். நீங்கள் இறந்துபோய் இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது.

கனடாவுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாம் அடுத்தடுத்த வீடு. உங்களுடையதை வீடென்று சொன்னால் சிரிப்பீர்கள். கிழமை நாட்களில் பணக்காரர் வீடுகளில் தங்கிப் பிள்ளை பார்த்த நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை அது. வெள்ளி வரை பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை வந்தால் சிரிப்பும் சமையலுமாக என் சுவர் அதிரும். அகதி விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று பயந்தபடி, வீட்டிலிருந்தே சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம்தான் துணை. நாம் கதைத்தது அரைகுறை இங்கிலிஸ். இப்போது நினைத்தால் நீங்கள் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகவே காதில் விழுகிறது.

உங்கள் சர்வாதிகாரி நாட்டை விட்டு ஓடிய அடுத்த வருடம், அவர் பூட்டுப் போட்ட காங்கிரஸ் எனும் பாராளுமன்றத்தைத் திரும்பத் திறக்கத் தேர்தல் வைத்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியையான உங்கள் தமக்கை அதில் நின்றார். நீங்கள் சட்டியைக் கிளறிக்கொண்டே பழைய கதை சொன்னீர்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா என்று அங்கே பெண்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்களாம். மூன்று லட்சம் பேராவது ஓம் என்று சொன்னால்தான் தருவோம் என்றார்களாம். உங்கள் அம்மாவும் போய் ஓம் சொன்னவர். அதற்குப் பிறகு முதன்முதலாகத் தெரிவான பெண்ணைச் சபையில் போய் உட்கார உலக யுத்தம் விடவில்லை. யுத்தம் முடியும்வரை காத்திருந்து, பிறகு போய் உட்கார்ந்தாராம்.

"எங்கட நாட்டிலை பெண் பிரதமரே இருந்தவ" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்.

"அப்ப நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

உங்கள் தமக்கையை நினைத்தால் எனக்குப் பயம். "எங்கட பக்கம் தேர்தலுக்கு நிண்ட ஆக்களைச் சுட்டவங்கள் அக்கா. வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றேன். நீங்கள் அடுப்பைத் தணித்தீர்கள். "எங்கட பக்கமும் சுடுறவங்கள்தான். நான் சொன்னால் அவ கேப்பாவே?"

நீங்கள் வேலை செய்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து யாரும் போன் எடுக்கக் கூடாது. அதனால் முடிவைச் சொல்ல என் போன் இலக்கத்தை ஊருக்குக் கொடுத்தீர்கள். "நல்லதோ கெட்டதோ, நீ எனக்கு உடனை போன் அடிச்சுச் சொல்லு. உள்ளூர்ப் போனுக்கு அந்த வீட்டு அம்மா ஒண்டும் சொல்லமாட்டா" என்றீர்கள்.

அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே ஊசியைக் கையில் குத்திக்கொள்வேன். உங்கள் ஊரில் வேட்பாளரின் பெயரை வாக்காளரே கைப்பட எழுத வேண்டுமாம். ஒவ்வொரு சீட்டையும் உரக்க வாசித்து, கரும்பலகையில் கோடு போட்டு எண்ணுவார்களாம். எண்ணி முடிவதற்குள் எத்தனை துவக்கு வெடிக்குமோ என்றுதான் என் புத்தி போனது. குழாயைத் திறந்தால் மணிச் சத்தம் கேட்காதென்று குளிக்கக்கூடத் தயங்கினேன்.

ஒரு காலை உங்கள் தமக்கையின் மகன் போனில் கூப்பிட்டான். இரைச்சலுக்கு நடுவே, "அம்மா வென்றுவிட்டார், சின்னம்மாவிடம் சொல்லுங்கள்" என்றான். உயிரோடு இருக்கிறாரா என்று இரண்டு தரம் கேட்டேன். போனை நீட்டிப் பிடித்து, பின்னால் நின்ற அவர் குரலையே கேட்க வைத்தான்.

உடனே போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நாள் பயந்த எனக்கு உங்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் போல் ஆசை வந்துவிட்டது. பஸ் ஏறி, மேட்டில் ஓட்டமும் நடையுமாக வந்து, அந்தப் பெரிய வீட்டின் பின்கதவைத் தட்டினேன். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி திறந்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களே அக்கா?"

உங்கள் முகம் வெளிறியது. பிள்ளையை இறக்கிவிட்டுக் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல்வீட்டுத் தமிழ்ப் பெடியனின் தகப்பன் ஊரில் செத்தபோது நான்தானே உங்களுக்குச் சொன்னேன், எங்கள் ஆட்கள் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள், நேரில் போய், முதலில் சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொல்வார்கள் என்று.

"வெண்டிட்டா அக்கா. உங்கட அக்கா வெண்டிட்டா."

"பொய். வெண்டதுக்கு ஏன் நேரிலை வந்தனி?"

"சத்தியமா. நான் குரலைக் கேட்டனான். ஆரையோ ஏசிக்கொண்டு நிண்டவ."

ஏசிக்கொண்டு நின்றார் என்றதும்தான் நம்பினீர்கள். "அது அவதான்" என்றீர்கள். பிறகு இருவரும் அந்தத் தரையிலேயே இருந்து அழுதோம். பிள்ளையும் சேர்ந்து அழுதது. கண்ணைத் துடைத்துவிட்டு நீங்கள் சொன்னது இன்னும் கேட்கிறது: "இனித்தான் எனக்குப் பயம். சுடுறவங்கள் நிண்டவையை மறந்திடுவாங்கள். வெண்டவையை மறக்கமாட்டாங்கள்."

சொன்னபடியே அவருடைய பதவித் தவணை முழுவதும் பயந்தீர்கள். சபையில் பேசினாலும் பயம், பேசாவிட்டாலும் பயம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் உங்களைப் போன்ற பெண்களுக்காக அவர் ஒரு நாள் எழுந்து பேசியதைச் சொன்னபோது, பெருமையில் குரல் உயர்ந்தது; அடுத்த மூச்சிலேயே, யாரும் அவரைக் குறித்து வைத்திருப்பார்களோ என்றீர்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வயது போய், கட்டிலில் படுத்தபடிதான் கண்ணை மூடினார். உங்கள் பயத்தை மட்டும் இந்த ஊரில் என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள்.

இப்போது இங்கே தேர்தல் காலம். விளக்குக் கம்பமெல்லாம் வேட்பாளர் முகங்கள், பாதிக்குப் பாதி பெண்கள். நான் நின்று நின்று பார்ப்பதைக் கண்டு மகள் பிரெஞ்சில் சலித்துக்கொள்கிறாள், இது கனடா அம்மா என்று. ஓம், கனடாதான். ஆனாலும் அந்தப் பெண்களைப் பார்த்தால், வெல்ல வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றுவதில்லை. பத்திரமாக வீடு வந்து சேரட்டும் என்றுதான் தோன்றுகிறது. பிறகுதான் போய் அவர்களில் ஒருத்திக்கு வாக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.