ஹெட்போன் ஓட்டை இல்லாத ஆம்ப்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏதோ இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டி வலி, எனக்குப் பாதம் வீக்கம், தம்பிக்கு என்ன என்று அவன் வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். லாண்டிரியில் சாப்பாட்டு நேரம் இது, மடித்து வைத்த ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அந்த மேஜையிலேயே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாதா, கூடத்தில் நான் தும்மினால் தம்பி அறையில் கேட்கும், அவனைப் பற்றி அவன் காது கேட்க எப்படிப் பேசுவது? தவிர, போன வாரம் நீ கோபமாகப் போனை வைத்துவிட்டாய். ஏம்மா, தம்பி வீட்டில் வைத்துக் கிட்டார் வாசிக்க எந்த ஆம்ப், அதுதான் அந்தச் சத்தப் பெட்டி, நல்லது என்று அத்தனை தூரம் தேடிப் பார்த்து விளக்கிச் சொன்னேனே, ஹெட்போன் போடுகிற ஓட்டை இருக்கிறதாகப் பார்த்து வாங்கு, அக்கம்பக்கத்தில் சண்டை வராது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, அதை மட்டும் மறந்துவிட்டு வாங்கியிருக்கிறாயே என்று குதித்தாய். மறக்கவில்லை பெரியவளே. வேண்டுமென்றேதான் ஓட்டை இல்லாததாக வாங்கினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தம்பி வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான். கூடவே இருந்து பார்க்கிற எனக்கு அப்படி இல்லை. ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று நாற்காலிக் குஷனைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்றானே, அன்றைக்கு முதலாளியை நாலு வார்த்தை திட்டினான், எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் மூடின வாய்தான். எது கேட்டாலும் ம். சாப்பிடுகிறாயா, ம். வெளியே போய்விட்டு வாயேன்டா, ம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவான், சண்டை போடுகிற தெம்பு இருக்கிற பிள்ளை என்றைக்குத் தட்டைக் கழுவியிருக்கிறான்? உள்ளே போனால் கிட்டார்தான். காலேஜ் படிக்கும்போது வாங்கினானே, அதே எலெக்ட்ரிக் கிட்டார். அதைத் தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பாவில் செருகி, டப்பாவில் ஹெட்போனைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வான். அந்தக் கிட்டாருக்குத்தான் வயிறு கிடையாதே, வெறும் பலகை, வெளியே நிற்கிற எனக்குக் கம்பியில் பிளாஸ்டிக் துண்டு படுகிற டிக் டிக் மட்டும்தான் கேட்கும், சுவரில் பல்லி சொல்லுகிற மாதிரி. சந்தோஷமாக வாசிக்கிறானா, அழுதுகொண்டே வாசிக்கிறானா, ஒரே பாட்டையே திருப்பித் திருப்பி வாசிக்கிறானா, ஒரு மண்ணும் தெரியாது. கையில் துடைக்கிற துணியோடு அந்தக் கதவுக்கு வெளியே எத்தனை நாள் நின்றிருக்கிறேன் தெரியுமா. பெற்ற பிள்ளையின் மனசில் என்ன ஓடுகிறது என்று சொல்லக்கூடியது இந்த வீட்டில் அந்தக் கிட்டார் ஒன்றுதான், அதுவும் அவன் காதுக்குள்ளேயே போய் முடிந்துவிடுகிறது. எனக்குப் பயமாக இருந்தது. இவன் இப்படியே உள்ளே போய்ப் போய் ஒரு நாள் நான் கூப்பிட்டாலும் எட்டாத இடத்துக்குப் போய்விடுவானோ என்று பயந்தேன்.

அப்பாவிடம் சொல்லி அழலாம் என்றால் அவர் அதற்கு மேல் கல்லுளிமங்கன். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது. இந்த வீடு அமைதியான வீடு என்று வருகிறவர்கள் மெச்சுவார்கள், அந்த அமைதி எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும். ரொட்டித் தொழிற்சாலையில் விடிய விடிய அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனுஷர் பகலில் தூங்காவிட்டால் குடும்பம் எப்படி ஓடும்? கதவுத் தாழ்ப்பாளுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினோம், டம்ளரைத் துணி விரித்து அதன்மேல் வைத்தோம். நீயும் தம்பியும் சண்டை போட்டால்கூட உதட்டை மட்டும் அசைத்துப் போடுவீர்கள், நாயே பேயே எல்லாம் சத்தமில்லாமல். நான் சமையலறையிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். இப்போது அவர் ஓய்வு பெற்று எல்லாரையும் போல ராத்திரியில்தான் தூங்குகிறார், பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சாக்ஸ் இன்னும் தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. யாரும் யாரையும் அதட்டவில்லை, யாருக்கும் இங்கே சத்தமாகப் பேச வருவதில்லை, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில்தான் நீ தம்பி பிறந்த நாளுக்கு, பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்த சின்ன ஆம்ப் வாங்கிக் கொடு என்று சொன்னாய். லீவு நாளில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு நீ சொன்ன கடைக்குப் போனேன். கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் பேரனுக்கு விளையாட்டுக் கிட்டாரா என்று கேட்டார். இல்லை ஐயா, ஆம்ப் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உன் அப்பா இருக்கிறாரே, மிக்ஸி வாங்கப் போனவர் மாதிரி எடுத்த எடுப்பில் எத்தனை வாட் என்றுதான் கேட்டார். கடைக்காரர் நாற்பது வாட்டாக ஒன்று எடுத்துக் காட்டினார், வால்வு கிடையாது, நிறைய பட்டன், ஹெட்போன் ஓட்டையும் உண்டு, விலையும் குறைவு. பெருசா வாங்கிட்டா பின்னால உதவும் என்கிறார் அப்பா. எதுக்கு உதவும், பொதுக்கூட்டம் போடவா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, வீட்டுக்குன்னா வாட்டைப் பாத்து ஏமாறாதீங்கம்மா, அதுவும் வால்வுன்னா சத்தத்தைக் கொஞ்சம் திறந்து விட்டாத்தான் வாயைத் திறக்கும், பெருசை வாங்கி அமுக்கி அமுக்கி வெச்சா கம்பளி போத்தின மாதிரிதான் கேக்கும் என்றார். சொன்னதோடு விடாமல் பதினைந்து வாட் வால்வு ஆம்பைப் போட்டு வாசித்தார். அப்பாவோ இன்னும் குறைங்க, இன்னும் குறைங்க என்று உயிரை வாங்குகிறார், கடையில்கூட அவருக்கு நம் வீட்டு ஞாபகம்தான். குறைக்கக் குறைக்க அது ஜலதோஷம் பிடித்த ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சின்னதைப் போட்டார். காய்கறிக் கூடை அளவுதான், மூன்றே திருகு, உள்ளே எட்டு அங்குல ஸ்பீக்கர், ஐந்து வாட்டா ஒரு வாட்டா என்று மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். ஒரு வாட் என்றால் எறும்புச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். திருகைப் பாதிக்குத் திறந்து ஒரு கம்பியைத் தட்டினார், மடியிலிருந்த என் கைப்பை அதிர்ந்தது. ஆனால் காதைக் குத்தவில்லை, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அப்பா அதன் முதுகுப் பக்கம் கையை நீட்டி வால்வுச் சூட்டைப் பார்த்துவிட்டு, பரவால்ல, சீரா காயுது என்றார், அடுப்புக்காரர் புத்தி எங்கே போகும்.

அதே சின்னதில் இரண்டு வகை இருந்தது, விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், நம் கைக்கு அடங்கினதுதான். ஒன்றில் ஹெட்போன் ஓட்டை இருந்தது, இன்னொன்றில் இல்லை. கடைக்காரர் ஓட்டை இருக்கிறதைப் பெட்டியில் வைக்கப் போனார். நான் மற்றதைக் கொடுங்கள் என்றேன். வர்றவங்க எல்லாம் ஹெட்போன் இருக்கான்னுதான் கேப்பாங்க, நீங்கதாம்மா இல்லாததாக் கேக்கறீங்க, வீட்ல சத்தம் வருமே என்றார். எங்களுக்குக் கேக்கணும்ங்க, அதுக்குத்தான் வாங்கறோம் என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையில் பணத்தை எண்ணினேன், கடையில் நின்று அழுகிற வயசா எனக்கு. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், முட்டி வலியோடு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். போட்டதும் வாசிக்கக் கூடாது, வால்வு சூடாகட்டும், ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆன் செய்துவிடாதீர்கள், உள்ளே எரிந்துபோகும் என்று கடைக்காரர் வாசல் வரை வந்து சொன்னார்.

வீட்டில் என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. தம்பி பெட்டியைப் பிரித்தான், பின்பக்கம் குனிந்து வால்வைப் பார்த்தான், ஒரு நிமிஷம் அந்த முகத்தில் பழைய பிள்ளையைப் பார்த்தேன். அப்புறம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஹெட்போன் எங்கம்மா போடறது என்றான். அதெல்லாம் இல்லடா, சும்மா வாசி என்றேன். அப்பா தூங்குவாரேம்மா என்றான். பெரியவளே, அப்பா ஜன்னலோரம் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், பட்டப்பகல். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்து நான் தூங்கலடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னாரா, சொல்லவில்லை. தம்பி ஆம்பை மூலையில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டான். மறுபடியும் டிக் டிக். கடையில் பேசின வீராப்பெல்லாம் போய்விட்டது. நீ திட்டினாயே, அப்போது எனக்கு மறுத்துப் பேசக்கூடத் தெம்பு இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே இருந்தேன். நாள் முழுக்க ஈர விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற உடம்பு, வீட்டுக்கு வந்து இவர்கள் இரண்டு பேரின் ஊமை நாடகத்தையும் பார்க்க என்னால் முடியவில்லை. இதில் அப்பா வேறு தினமும் மத்தியானம் காற்று வாங்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவதாக மேல்வீட்டு டீச்சர் சொன்னார். முட்டியை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குவானேன், இவரும் வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறார் என்று மனசுக்குள் திட்டினேன்.

நேற்று லாண்டிரியில் பாய்லர் கெட்டுப்போய் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். எப்படா கட்டிலில் விழுவோம் என்று படியேறி வருகிறேன், நம் தளத்துக்கு அரை மாடி கீழே, படியில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார், மடியில் காலிப் பை. என்ன ஆச்சுங்க என்று கேட்க வாயைத் திறந்தேன், விரலை உதட்டில் வைத்தார். அப்போதுதான் கேட்டது. நம் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து கிட்டார். காற்று வாங்கவுமில்லை ஒன்றுமில்லை, தான் வெளியே போனால்தான் பிள்ளை வாசிப்பான் என்று இந்த மனுஷர் தினமும் வந்து படியில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! திட்டுவதா கட்டிக்கொள்வதா தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிரமாதமாக வாசித்தான் என்று சொல்ல மாட்டேன், ஒரே இடத்தில் தட்டித் தடுமாறுகிறான், நிறுத்துகிறான், முதலிலிருந்து வருகிறான். ஆனால் கோபம் வந்தால் கோபம் தெரிந்தது. ஒரு இடத்தில் ஒரு கம்பியை இழுத்து விட்டான் பார், அத்தனை நாளும் அவன் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது, எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. மேல்வீட்டு டீச்சர் இறங்கி வந்தார், சண்டைக்குத்தான் என்று நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். உங்க வீட்ல ஆள் இருக்காங்கங்கறதே இப்பதாங்க தெரியுது என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

எத்தனை நேரம்தான் படியில் உட்காருவது, கால் கடுகடுவென்று வலி. என் வீட்டுக்குள் போக எனக்கு என்ன பயம் என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான், எனக்குப் பின்னால் அப்பாவைப் பார்த்தான், உடனே கை திருகுக்குப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே போனார், குனிந்தார், அடுப்பில் சுட்டுத் தழும்பான அந்தக் கையால் திருகைப் பிடித்து, எனக்குக் கேக்கலடா என்று திருப்பினார். எந்தத் திருகு எவ்வளவு என்று அவருக்கு என்ன தெரியும், ஒரேயடியாகத் திருப்பிவிட்டார், அது கீச்சென்று கத்தின கத்தலில் மூன்று பேரும் துள்ளிவிட்டோம். தம்பி சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான் பெரியவளே. அப்புறம் அப்பாவின் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, பாதியில் வைத்து, வாசித்தான், எங்கள் முன்னாலேயே. நான் கட்டிலில் விழுந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன்.

வேலையா, இன்னும் கிடைக்கவில்லை. இன்று காலையிலும் ம் என்றுதான் சொன்னான். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத எனக்குத் துணிவில்லை, கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான். நீ அவனிடம் இதைப் பற்றி எதுவும் கேட்டுவைக்காதே, தானாகச் சொன்னால் கேட்டுக்கொள். மணி அடிக்கப் போகிறது, விரிப்புகள் காத்திருக்கின்றன. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் ஒத்து நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இன்னும் ஒன்றே ஒன்று. போன வாரம் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கேம்மா என்று சொன்னாய். நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை கண்ணு, அடுத்த தடவை சத்தமாகச் சொல், அழுகையாக இருந்தாலும் பரவாயில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா