ஆன்செல்மைத் திட்ட ஐந்து குறிப்புகள்

மார்ச் 4

ஆன்செல்ம் தோயேயைப் பற்றி மேடையில் நான் பேச வேண்டியவை, வரிசைப்படி:

1. அவனுக்கு நேர்கோடு போட வராது. லோமேயில் கட்டடக்கலை படித்த காலத்தில் அவன் தாள்களை நான்தான் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
2. அந்தக் கூரை என்னுடையது.
3. அவன் முதலில் கட்டிய பள்ளிக்கூடத்தின் மண்சுவர் முதல் மழையிலேயே கரைந்தது. அவனைப் பற்றி வந்த எந்தப் புத்தகத்திலும் அந்தப் படம் இல்லை.
4. அந்தத் தொப்பி. சாப்போனே ஊர்த் தொப்பி எங்களுடையது, மோஸிகளுடையது. ஒரு சாமோ அதைப் போட்டுக்கொண்டு உலகம் சுற்றுகிறான்.
5. இவற்றில் எதுவும் கேலி இல்லை. அது அவனுக்குத் தெரியாது. (மேடைக்கு அல்ல. எனக்காக மட்டும்.)

இன்று காலை நகராட்சியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். ஆன்செல்முக்கு வெளிநாட்டில் ஏதோ பெரிய பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். 'ஏதோ' என்று எழுதுகிறேனே தவிர, அந்தப் பதக்கத்தின் முழுப் பெயரும் அதை இதுவரை வாங்கியவர்களின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வாகடூகுவில் பாராட்டு விழா. அமைச்சர் வருகிறார்.

"நீங்க மோஸி, அவரு சாமோ. கூடப் படிச்சவரு வேற. ஒரு பத்து நிமிஷம் அவரை நல்லாத் திட்டணும் ஐயா. இல்லைன்னா அது விழா மாதிரியே இருக்காது" என்றாள்.

எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவே கேலிமுறை. சந்தையில், கல்யாணத்தில், சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் 'அடிமை' என்று கூப்பிட்டுத் திட்டிக்கொள்ளலாம். கோபப்பட்டவன் தோற்றான். எங்களைக் கழுதை மேய்க்கிகள் என்பார்கள், அவர்களை நாய்த்தலை தின்பவர்கள் என்போம். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முறைத்தாலே கோப்பைத் திருத்தி எழுதியவன் நான். ஆனால் ஆன்செல்மை மட்டும் நாற்பது வருஷமாக வாய் வலிக்கத் திட்டி வருகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

மூன்றாவதை நீக்கினேன். சாப்பிட்ட பிறகு மறுபடி சேர்த்தேன்.

மார்ச் 11

வானொலியில் ஆன்செல்ம். கூரை எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள்.

"எங்க ஊர்ப் பக்கம் சோளக் குதிருக்கு வைக்கோல்ல தொப்பி இருக்கும். தானியம் எடுக்கணும்னா அதைக் கொஞ்சம் தூக்குவோம். அந்தச் சந்துல காத்து நுழையும். வீட்டுக்கும் அப்படித் தொப்பியைத் தூக்கி வெச்சா என்னன்னு பட்டுச்சு."

எவ்வளவு அழகாகச் சொல்கிறான்! எனக்குக் கூரை தோன்றியது, குதிர் தோன்றவில்லை. பெயர் வாங்குவதற்குக் குதிர்தான் வேண்டும் போலிருக்கிறது.

நடந்தது இதுதான். லோமேயில் மூன்றாம் ஆண்டு. வெயில் ஊர் ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் வரையச் சொன்னார்கள். மண்சுவர், அதன்மேல் மண்கல் தளம். அந்தத் தளத்தைத் தொடாமல், மெல்லிய கம்பிச் சட்டங்களின்மேல் தூக்கி நிறுத்திய தகரம். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓடும். சுவரைத் தாண்டி நீளும் தகரம் மழையையும் தடுக்கும். நான் வரைந்தேன். ஆசிரியர் வந்து பார்த்து, "ஒரு வீட்டுக்கு இரண்டு கூரையா? உங்கள் நாட்டில் ஒன்றுக்கே வழியில்லை என்றல்லவா கேள்விப்பட்டேன்" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று மாலைக்குள் அதை அழித்துவிட்டு, தட்டையான காங்கிரீட் தளம் போட்டுக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது.

அடுத்த மேசை ஆன்செல்முடையது. அவன் அன்று சிரித்தானா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சில வருஷம் கழித்து, அவன் ஊர்ப் பக்கம் தூகானில் அவன் கட்டிய பள்ளிக்கூடத்தின் சுவர் மழையில் கரைந்தது. எனக்கு அன்று இரண்டு தட்டு களி உள்ளே போனது. அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி கட்டினான், கம்பிச் சட்டமும் தூக்கிய தகரமுமாக. அப்புறம் படங்கள், பேட்டிகள், பெர்லின், டோக்கியோ. நான் அரசாங்கக் கட்டடத் துறைக்குப் போனேன். என் கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது. வகை மூன்று, வகை நான்கு. எல்லாம் தட்டைத் தளம்.

அவன் கட்டிய எதையும் நான் நேரில் போய்ப் பார்த்ததில்லை. படத்தில் பார்ப்பேன். பூதக்கண்ணாடி வைத்து.

மார்ச் 19

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வீடும் நான் வரைந்ததுதான்: வகை மூன்று, ஓர் அறை கூடுதலாக. தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் எங்கள்மேல் துப்புகிறது. என் மனைவி பிலோமேன் பாயைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"மேல ஒரு தகரத்தைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். ஊர் பூரா போட்டுட்டாங்க."

"அது ஆன்செல்ம் கூரை."

"உங்க கூரைன்னுதானே தினமும் சொல்றீங்க?"

"என்னோடதுதான். ஆனா பார்க்கிறவங்க, அவனைப் பார்த்துப் போட்டேன்னு சொல்வாங்க."

"அந்த மனுஷன் பேரைச் சொல்ற அளவுக்கு என் பேரைச் சொல்லியிருந்தீங்கன்னா இந்த வீடு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியா இருந்திருக்கும்."

செவிலியாக இருந்தவள். ஊசி எங்கே போட வேண்டும் என்று தெரியும்.

ஏப்ரல் 2

ரொட்டிக் கடை வாசலில் ஆன்செல்ம். கார் கண்ணாடி இறங்கியது. முதலில் தொப்பி தெரிந்தது.

"டேய் கழுதை மேய்க்கி! உன்னை இன்னும் புதைக்கலையா?"

"உன்னைப் புதைச்சிட்டுத்தான்டா நான். உன் குழிக்கும் நீயே வரைஞ்சுட்டா தண்ணி உள்ள வந்துருமேன்னு பார்க்கிறேன்."

கடைக்காரர் மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடிமைக்கு வாய் நீளுதே! நாய்த்தலைக் குழம்பு வெச்சிருக்கேன், வந்து எலும்பைப் பொறுக்கிட்டுப் போ" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "பன்னண்டாம் தேதி சும்மா விட்றாதே. நாயி, கழுதைன்னு பழைய சரக்கையே எடுத்துட்டு வந்தா, நான் வேற மோஸியைப் பிடிச்சுக்குவேன்."

வேறு மோஸியா?

வீடு வரும்வரை வயிறு எரிந்தது. பதக்கம் அவனுக்கு, புத்தகங்கள் அவனுக்கு. அவனைத் திட்டுகிற வேலை ஒன்றுதான் எனக்கு என்று இருக்கிறது. அதையும் இன்னொருவனுக்குக் கொடுப்பானாமா?

ஏப்ரல் 12

முடிந்தது. நாளை எழுதுகிறேன். பதக்கம் என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் 13

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடை ஏறும்போதே சிரிப்பு. முதல் குறிப்பைச் சொன்னேன், சிரிப்பு. தொப்பியைச் சொன்னேன், அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரைந்த சுவரைச் சொன்னேன். "சாமோக்கள் களி கிண்டுகிற மாதிரியே சுவரும் வைப்பார்கள்" என்றேன். ஆன்செல்மே தொடையைத் தட்டினான். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கேலிமுறைக்காரன் எதைப் பிடுங்கினாலும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிறகு சேவலும் கோலாக்கொட்டையும் கொண்டுவந்து மீட்டுக்கொள்ளலாம். நான் போய் அவன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மண்டபம் எழுந்து நின்றது.

அப்போது சொன்னேன். "இது எனக்கு வர வேண்டியது. அந்தக் கூரை என்னுடையது. லோமேயில் நான் வரைந்தது."

சிரிப்பு.

"உண்மையாகத்தான் சொல்கிறேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. "பெரியவர் முகத்தைப் பாரு, அப்படியே நிஜமாட்டம் சொல்றாரு!" என்று முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் எது சொன்னாலும் யாரும் நம்பாத இடமாகப் பார்த்துக் கிடைத்தது.

ஆன்செல்ம் எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினான். அவன் சிரிக்கவில்லை. "அவர் சொல்றது நிஜம். கூரை அவரோடது" என்றான்.

கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டினார்கள். அவன் கையை உயர்த்தி மறுபடியும் அதையே சொன்னான். யாரோ மேளத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். அமைச்சர் எங்கள் இருவர் தோளிலும் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 16

'அவர்' என்றான். 'அவன்' என்றோ 'அடிமை' என்றோ சொல்லவில்லை. அதுவும் விளையாட்டா? திட்டியவனை ஆமோதித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆட்டத்தை ஜெயிக்க அப்படிச் செய்தானா? இல்லை...

முகம் மழிக்கும்போது பதக்கத்தைப் போட்டுக்கொண்டேன். பிலோமேன் பார்த்துவிட்டாள். "சோப்பு பட்டுறப்போகுது" என்றாள்.

ஏப்ரல் 21

ஆன்செல்ம் வந்தான். வாசலில் நின்று, "வணக்கம். வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?" என்றான். நாற்பது வருஷத்தில் அவன் எனக்கு வணக்கம் சொன்னதே இல்லை.

"ஏன்டா, யார் செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. பதக்கத்தை மீட்க வந்தேன்."

பிலோமேன் அவன் கொண்டுவந்த சேவலைக் கையில் தூக்கிப் பார்த்து, "பதக்கம் வாங்கினவரு வீட்டுச் சேவலா இது? பட்டினி போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

அவன் உட்கார்ந்தான். வியர்த்துக் கொட்டியது.

"மேடையில நீ சிரிக்கல" என்றான்.

"நீயும்தான் சிரிக்கல."

"ரெண்டு தடவை சொன்னேன். பார்த்தல்ல? இனிமே நான் பத்திரிகையில எழுதிக் கொடுத்தாலும், சாமோவும் மோஸியும் என்ன அருமையா விளையாடுறாங்கன்னுதான் சொல்வாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம். யாருக்கும் நம்மளைத் தெரியாதப்ப."

"சொல்லியிருக்கலாம்" என்றான்.

நான் பதக்கத்தை எடுத்து வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"மத்த மோஸிங்க என்னைத் திட்டினா என் நாயைத் திட்டுவாங்க, என் வயித்தைத் திட்டுவாங்க. நீ ஒருத்தன்தான்டா என் மழைக்குழாயைத் திட்டினே. நான் கட்டின நூலகம் திறந்தப்ப, ஒரு கல்யாணத்துல வெச்சுச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? தண்ணி நேரா வாசப்படியில கொட்டுது, குளிச்சுட்டுத்தான் படிக்கப் போகணும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மறுநாளே போய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மாத்தினேன். தெதூகு ஆஸ்பத்திரிப் படிக்கட்டு, ஒட்டகம்தான் ஏறும்னே. அதையும் மாத்தினேன். எனக்கு எல்லாரும் கைதட்டினாங்க. பொறாமையில பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தவன் நீ மட்டும்தான்."

பூதக்கண்ணாடி இவனுக்கு எப்படித் தெரியும்?

"கேலி இல்லைன்னு தெரியுமா உனக்கு?"

"எப்பவுமே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துபோய் நிறுத்தியிருப்ப."

எழுந்தான். பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். "அடுப்புக்குள்ள குடியிருக்கியே. மேல ஒண்ணைத் தூக்கிப் போடு. உன்னோடதுதானே?"

ஏப்ரல் 22

கூரை ஒன்றைத்தான் எடுத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மழைக்குழாய், படிக்கட்டு, இன்னும் என்னென்னவோ! நாற்பது வருஷம் சம்பளமில்லாமல் இவனுக்கு வேலை பார்த்திருக்கிறேன். திருட்டுப் பய. சிரிச்சுச் சிரிச்சே வாங்கிட்டானே!

பொய்யாகவும் இருக்கலாம். பதக்கம் வாங்கியவனுக்குப் பெருந்தன்மை சுலபம். கிழவனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருப்பான். எதுவானாலும், நானாகப் போய்ப் பார்க்காமல் நம்பக் கூடாது.

மே 3

நூலகத்துக்குப் போனேன். முதல் முறை.

உள்ளே குளிர்ச்சி. மதிய வெயிலில் அறுபது எழுபது பேர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு படித்தாள். தலைக்குமேல் தூக்கிய தகரம். காற்று போகிற சத்தம் கேட்டது. நான் தாளில் கேட்ட சத்தம்தான். எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ. எனக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அழுகையும் வந்தது. எது எதனால் என்று பிரித்து எழுதத் தெரியவில்லை.

பிறகு வெளியே வந்து வாசலுக்குமேல் பார்த்தேன். தகர விளிம்பில் பழைய குழாய் இருந்த இடத்தில் ஒரு வட்ட ஒட்டு. பற்றவைத்து, மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள். தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும். புதுக் குழாய் பக்கவாட்டில், ஒரு வேப்பங்கன்றின்மேல் தண்ணீர் விழும்படி இருக்கிறது. கன்று மரமாகிவிட்டது.

மே 20

வேலை ஆரம்பம். சட்டங்களை நானே வரைந்தேன். அழிக்கவில்லை.

தெருவில் போன ஒருவர் மொபெட்டை நிறுத்தி, "தோயே கூரையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமேன், "இல்ல, என் வீட்டுக்காரரோடது. தோயேதான் பார்த்துப் போட்டாரு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். சிரிக்கட்டும் என்று எழுத ஆசை. இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

ஜூன் 9

முதல் பெருமழை. தகரத்தில் தடதடவென்ற சத்தம். கீழே தளம் குளிர்ந்து கிடக்கிறது. பிலோமேன் பாய் போன வாரமே உள்ளே வந்துவிட்டது.

மழையோடு மழையாக ஆன்செல்ம் வந்தான். வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்றான். புதுக் குழாயிலிருந்து தண்ணீர் நேராக அவன் தொப்பியில் கொட்டியது.

"டேய் கழுதை மேய்க்கி! கல்யாணத்துல நாலு பேருக்கு நடுவுல என் மானத்தை வாங்கினியே, இது என்னடா?"

அண்ணாந்து பார்த்தேன். வாசலுக்கு நேர் மேலேதான் வைத்திருக்கிறேன்.

"சாமோக்கள் குளிச்சுட்டு உள்ள வரட்டும்னுதான்" என்றேன்.

பிலோமேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் கொடுத்த மாம்பழத்தைத் தின்றுகொண்டே அவன் கம்பிச் சட்டத்தை நெடுநேரம் பார்த்தான். "தூக்கின உயரம் என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் போன பிறகு மார்ச் நான்காம் தேதியைத் திருப்பிப் படித்தேன். ஒன்று சரி. இரண்டும் மூன்றும் சரி. நான்காவது, அந்தத் தொப்பியை, காயட்டும் என்று இங்கேயே நாற்காலியில் விட்டுப் போயிருக்கிறான். தலையில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பெரிது. குழாயை நாளை பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, 'கேலி இல்லை, அது அவனுக்குத் தெரியாது' என்பது, தவறு.