மொட்டைத் தலையோடு ஒரு குடியரசுத் தலைவர்

ஆகஸ்ட் 18, திங்கள்

என் மகள் செய்த குடியரசுத் தலைவரை வகுப்புச் சுவரில் ஒட்டவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பேப்பர் தட்டில் ஆளுக்கொரு தலைவர் முகம் செய்யச் சொல்லியிருந்தார்கள். தட்டும் கறுப்பு உல்லன் நூலும் என் கடைச் சரக்குதான். மற்றவர்கள் நூலை வெட்டி முடியாக ஒட்ட, அபிநயா மட்டும் முடியே வைக்காமல் தலையில் மஞ்சள் வண்ணம் பூசிவிட்டாள்.

சாயங்காலம் கூட்டிவரப் போனபோது மிஸ் தட்டைக் கையில் கொடுத்துச் சிரித்தார். "நாட்டுக்கே தலைவரு, மொட்டையா இருப்பாரானு கேட்டேங்க. அவரும் நம்ம மலைக்கு வந்துட்டுப் போயிருப்பாரு மிஸ்ன்றா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஆடிக் கிருத்திகைக்குத்தான் மலைக்கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம். வகுப்பில் இப்போது அவள் ஒருத்திதான் மொட்டையாம். பிள்ளைகள் தலையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள்.

"முடி வளந்துடும்மா."

"கட நல்லா நடக்கணும்னு நீதான வேண்டிக்கின நைனா? உன் முடி மட்டும் அப்பிடியே கீதே?"

கல்லாவில் மொட்டைத் தலையோடு உட்காரக் கூச்சப்பட்டுத்தான் குழந்தையின் முடியைக் கொடுத்தேன். அதுதான் உண்மை.

கடைசியில் பேசி முடித்தது இது: விடிந்ததும் மலைக்குப் போய் நான் மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அவளை வகுப்பு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். மிஸ்ஸிடம் சொல்லி அந்தத் தட்டைச் சுவரில் ஒட்டவைக்க வேண்டும். தொப்பி போடக் கூடாது.