காற்றுத் தொட்டியில் விழுந்த மாமா

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒருவழியாக நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா படியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டார் என்று அம்மா போனில் சொன்னாளே, அது பொய். என் இடது கையை உடைத்தது உன் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவன் சாயப்பட்டறைக்கு டேங்கர் லாரி ஓட்டப் போனதிலிருந்து அந்தக் கழிவை எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கவிடச் சொல்லி உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். இது சின்ன ஊரின் வீட்டுக் கழிவுநீருக்குக் கட்டியதுடா, தொட்டியில் காற்று ஊதி வளர்க்கிற கிருமிகள்தான் அழுக்கைத் தின்கின்றன, சாயம் விழுந்தால் அத்தனையும் செத்துவிடும், அந்தத் தண்ணீரைத்தான் கீழே மாடுகள் குடிக்கின்றன என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஹாரனை அலறவிட்டான். நான் திறக்கவில்லை. லாரியைப் பின்னால் எடுத்து வந்து ஒரே இடி, கேட் கீலோடு பிய்ந்து விழுந்தது. குழாயை இழுத்துக்கொண்டு காற்றுத் தொட்டியின் மேல் பாலத்தில் ஏறினான், நான் குறுக்கே நின்றேன். நகருங்க மச்சான், அக்கா முகத்துக்காகப் பாக்குறேன் என்றான். முடியாதுடா என்றேன். குழாயின் இரும்பு முனையால் ஓங்கி அடித்தான், எலும்பு முறிந்த சத்தம் காற்று ஊதுகிற ப்ளோயரின் இரைச்சலை மீறிக் கேட்டது. அடுத்த அடி தலைக்கு வந்தது, குனிந்து, பாலத்தில் கிடந்த வால்வு திருகும் கம்பியை எடுத்து அவன் விலாவில் ஓர் அடி இறக்கினேன். அவன் சாய்ந்த வேகத்தில் பாலத்தின் துருப்பிடித்த கைப்பிடி முறிந்து தொட்டிக்குள் போய்விட்டான்.

மாமா நன்றாக நீந்துவான், உனக்கே தெரியும். ஆனால் காற்றுக் கொப்பளிக்கிற தண்ணீர் ஆளைத் தாங்காது, எப்பேர்ப்பட்டவனும் கல் மாதிரி இறங்குவான். ப்ளோயரை நிறுத்தினால்தான் மேலே வருவான். ஸ்விட்ச் எனக்கு இரண்டு எட்டில் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான், ஆனாலும் அசையாமல் நின்றேன். அவன் கை ஒரு தடவை வெளியே வந்து மறைந்தது, போய்த் தொலையட்டும் என்று மனசு சொன்னது. இரண்டாவது தடவை விரல்கள் மட்டும் தெரிந்தன, அப்போதுதான் பாய்ந்துபோய் ஸ்விட்சை அடித்தேன். தண்ணீர் அடங்கியதும் மிதந்து வந்தான், சத்தம் கேட்டு ஓடிவந்த, எங்கள் நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற பெண்ணும் நானும் மிதவை வளையத்தை அவன் தோளில் மாட்டி இழுத்தோம், மூச்சே இல்லை, அந்தப் பெண்தான் நெஞ்சை அமுக்கி உயிரைத் திருப்பினார்.

நீங்களா வழுக்கி விழுந்ததா எழுதிக் குடுங்க, அவன் உள்ள போனா நான் யார் முகத்துல முழிப்பேன் என்று அம்மா என் காலைப் பிடித்து அழுதாள். நான் போலீசிடம் நடந்தது அத்தனையும் சொன்னேன், ஸ்விட்சை அடிக்காமல் நின்றதையும் சொன்னேன். அதெல்லாம் யாருங்க கேட்டா என்று பேனாவை வைத்துவிட்டார் எழுதினவர், எழுதுங்க சார் என்றேன். இப்போது இரண்டு பேர் மேலும் வழக்கு, எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஏன் மச்சான் லேட்டா நிறுத்துனீங்க என்று மட்டும் கேட்டான்.

நீ நூறு வயது நிறைவாக வாழ வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்காதே. மாமா எண்ணிலிருந்து போன் வந்தால் எடும்மா, அவன் என்னைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை.

உன் அப்பா